கல்யாணக் கேசட்டில் சத்தத்தை முதலில் பாருங்கள்

பழைய கல்யாணக் கேசட்டைக் கம்ப்யூட்டருக்கு மாற்றித் தரச் சொல்லி வருகிறவர்கள் முதலில் கேட்பது, "எச்டி ஆக்கித் தர முடியுமா?" என்பதுதான். முடியாது. பதமாகவும் சொல்லிப் பார்த்துவிட்டேன், கணக்குப் போட்டும் சொல்லிப் பார்த்துவிட்டேன். எப்படிச் சொன்னாலும் கேட்டவர் முகம் வாடிவிடுகிறது. விஎச்எஸ் கேசட்டில் படத்தின் அகலவாக்கில் பிரித்துக் காட்டக்கூடிய நுணுக்கம் ஏறக்குறைய 240 கோடுகள் மட்டுமே. நிறத்துக்கு அதைவிட மிகக் குறைவு. அதனால்தான் கூறைப்புடவையின் அரக்குச் சிவப்பு பக்கத்தில் நிற்பவரின் வெள்ளைச் சட்டை வரைக்கும் வழிந்திருக்கும். இதை 1920 புள்ளி அகலத்துக்கு இழுத்தால் படம் பெரிதாகும், தெளிவாகாது.

சத்தம் எப்படி இருக்கும் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. எனக்கு அதுதான் ஆச்சரியம். தாத்தாவின் போட்டோ எல்லார் வீட்டுச் சுவரிலும் மாலையோடு தொங்குகிறது. அவர் குரல் எங்கே இருக்கிறது? பெரும்பாலான குடும்பங்களில் அது இருந்தால் இந்த மாதிரி ஒரு கேசட்டில்தான் இருக்கும். பந்தியில் யாரையோ அதட்டிக்கொண்டோ, வீடியோக்காரரிடம் "தம்பி, இந்தப் பக்கம் எடு" என்று சொல்லிக்கொண்டோ. படம் மங்கலாக இருந்தால் நம் மனசே மீதியை நிரப்பிக்கொள்ளும். சத்தம் போனால் போனதுதான். ஆகவே இந்த வேலையில் என் கவனத்தில் பாதிக்கு மேல் சத்தத்துக்குத்தான்.

முதலில் டெக், அதாவது கேசட்டை ஓட்டும் விசிஆர். 1976-ல் ஜப்பானில் ஜேவிசி தொடங்கி வைத்த விஎச்எஸ்ஸுக்கு, கடைசிவரை டெக் செய்துகொண்டிருந்த ஃபுனாய் நிறுவனமும் 2016 ஜூலையோடு நிறுத்திக்கொண்டது. இனி கிடைப்பதெல்லாம் பழையதுதான். பரணிலோ பழைய சாமான் கடையிலோ கிடைக்கும் டெக்கில் கேசட்டை உடனே போட்டுவிடக் கூடாது. தேவையில்லாத ஒரு கேசட்டைப் போட்டு, நாடாவைக் கடிக்கிறதா என்று பார்த்த பிறகுதான் கல்யாணக் கேசட். ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கும், நாடாவை அழுத்தி இழுக்கும் ரப்பர் உருளை வழவழத்துப் போயிருக்கும்.

அப்புறம், நாடாவில் பதிந்ததைப் படிக்கும் ஹெட்டைச் சுத்தம் செய்வது. உள்ளே 62 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளை ஒன்று, நம் ஊர் டிவி முறையான பால் (PAL) முறையில் நிமிடத்துக்கு 1500 சுற்று சுற்றுகிறது. அதன் விளிம்பில் துளியூண்டு ஹெட்டுகள். பஞ்சு சுற்றிய குச்சியால் துடைத்தால் இழை மாட்டி ஹெட்டே பெயர்ந்து வரும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த வெள்ளைத் தாளையோ மெல்லிய தோலையோ உருளையின் மேல் அசையாமல் பிடித்துக்கொண்டு, உருளையைக் கையால் மெல்லச் சுழற்ற வேண்டும். மேலும் கீழும் தேய்க்கவே கூடாது.

கடற்கரை ஊர்களிலிருந்து வரும் கேசட்டுகளில் பூஞ்சை இருக்கும். கேசட்டின் ஜன்னல் வழியாகப் பார்த்தால் நாடாச் சுருளின் மேல் வெள்ளைப் பொடி தெரியும். அதை அப்படியே ஓட்டினால் டெக்கும் கெடும், அடுத்து வரும் கேசட்டுக்கும் தொற்றும். முகத்தில் துணி கட்டிக்கொண்டு, திருகு கழற்றி, சுருளை வெளியே எடுத்துத் துடைத்து, வேறு கூட்டுக்கு மாற்றித்தான் ஓட்ட வேண்டும். இந்த ஒரு வேலைக்கு மட்டும் நான் முன்கூட்டியே "உறுதி சொல்ல முடியாது" என்று சொல்லிவிடுவேன். தவறி வேறு எதுவும் மேலே பதிந்துவிடாமல் இருக்க, கேசட்டின் ஓரத்திலுள்ள பிளாஸ்டிக் பல்லை உடைத்துவிடுவது அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது.

டெக்கிலிருந்து கம்ப்யூட்டருக்கு வரும் வழியில்தான் பலருக்கும் வேலை கெட்டுப்போகிறது. ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் யுஎஸ்பி கேப்சர் டாங்கிள்கள் (டெக்கின் சிக்னலைக் கம்ப்யூட்டருக்குள் எடுக்கும் சின்னப் பெட்டிகள்) எல்லாம் ஈஸிகேப் என்ற பெயரிலோ அதன் சாயலிலோ வரும். வெளியே ஒரே பெட்டி, உள்ளே வேறு வேறு சிப். எந்த சிப் வந்தது என்று தெரியாமல் டிரைவர் தேடிப் பொழுது போகும். அதைவிடப் பெரிய சிக்கல், பழைய நாடாவிலிருந்து வரும் சிக்னல் ஒரே சீராக இருப்பதில்லை. பால் முறையில் படத்தின் ஒரு கிடைக்கோட்டை வரைய 64 மைக்ரோ நொடி. நாடா இழுபட்டிருந்தால் ஒரு கோடு கொஞ்சம் முன்னே தொடங்கும், அடுத்தது பின்னே தொடங்கும். பழைய டிவி இதைப் பொறுத்துக்கொள்ளும், டாங்கிள் பொறுக்காது. மண்டபத்துத் தூண் நெளிந்து தெரிவது இதனால்தான்.

இதைச் சரிசெய்வதற்கென்றே டைம் பேஸ் கரெக்டர் என்ற சாதனம் உண்டு. தனியாக வாங்கினால் விலை அதிகம். ஜேவிசியும் பானாசோனிக்கும் வெளியிட்ட எஸ்-விஎச்எஸ் (விஎச்எஸ்ஸின் மேம்பட்ட வகை) டெக்குகள் சிலவற்றில் அது உள்ளேயே இருக்கும். இன்னொரு குறுக்கு வழி, பானாசோனிக்கின் ஈஎஸ்10, ஈஎஸ்15 போன்ற பழைய டிவிடி ரெக்கார்டர்கள். அவற்றில் எதையும் பதிவு செய்ய வேண்டியதில்லை. டெக்குக்கும் டாங்கிளுக்கும் நடுவில் வைத்து சிக்னலை உள்ளே விட்டு வெளியே எடுத்தால் போதும், நெளிவு பெருமளவு நின்றுவிடும். டெக்கில் எஸ்-வீடியோ இருந்தால் மஞ்சள் கேபிளைத் தொட வேண்டாம். மஞ்சளில் வெளிச்சமும் நிறமும் கலந்து வந்து மறுபடி பிரிக்கப்படுகின்றன, எஸ்-வீடியோவில் இரண்டும் தனித்தனியாகவே வருகின்றன.

டாங்கிள் ஃபிரேமை விட்டுவிட்டால் அடி விழுவது சத்தத்துக்கு. கேமராவை நிறுத்தித் திரும்பத் தொடங்கிய ஒவ்வொரு இடத்திலும் நாடாவில் ஒரு தள்ளாட்டம் இருக்கும். அங்கே டாங்கிள் சில ஃபிரேம்களைத் தவறவிடும், சத்தம் மட்டும் தன்பாட்டுக்கு ஓடும். தாலி கட்டும்போது கொஞ்சம் விலகியது, பந்தி வரும்போது வாய் ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம். சத்தத்தை டாங்கிள் வழியாக எடுக்காமல் கம்ப்யூட்டரின் லைன்-இன் வழியாகத் தனியே எடுத்தால் இன்னொரு தொல்லை. இரண்டுக்கும் தனித்தனிக் கடிகாரம். அவற்றுக்குள் பத்தாயிரத்தில் ஒரு பங்கு வித்தியாசம் இருந்தாலே ஒரு மணி நேரத்தில் 0.36 நொடி விலகும். நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் 9 ஃபிரேம். உதட்டைப் பார்த்தால் கண்டிப்பாகத் தெரியும். அதனால் முடிந்தவரை படமும் சத்தமும் ஒரே சாதனத்தின் வழியாக வரட்டும். சத்தத்தின் சாம்பிள் ரேட் (நொடிக்கு எத்தனை முறை அளந்து பதிகிறது என்பது) 48 கிலோஹெர்ட்ஸ் என்று எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இருக்கட்டும். 44.1 சிடிக்கு உரியது, வீடியோவோடு கலந்தால் வம்பு.

மென்பொருள் எது என்று கேட்பார்கள். விண்டோஸில் நான் இன்றும் வர்ச்சுவல்டப் தான். பார்க்கப் பழசாக இருக்கும், ஆனால் எத்தனை ஃபிரேம் தவறியது, எத்தனை நுழைக்கப்பட்டது என்று ஓடும்போதே எண்ணிக் காட்டும். ஓபிஎஸ் நல்ல மென்பொருள்தான், ஆனால் அது நேரலைக்காகச் செய்தது. நாடாவில் இருக்கும் நொடிக்கு 50 அரைப் படங்களை (ஒவ்வொன்றிலும் ஒன்று விட்டு ஒரு கோடு மட்டும் இருக்கும்) அப்படியே பத்திரப்படுத்தித் தராது. வெண்மை அளவையும் பதிவுக்கு முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தக் காலத்து வீடியோ லைட் முகத்துக்கு நேரே எரியும். மாப்பிள்ளை வேட்டி, மாமனார் சட்டை எல்லாம் வெறும் வெளுப்பாக வெந்துபோயிருக்கும். கேப்சரில் பிரைட்னெஸ்ஸைக் கொஞ்சம் இறக்கினால் சில நேரம் மடிப்புகள் திரும்பக் கிடைக்கும். பதிவான பிறகு இறக்கினால் சாம்பல் நிறம்தான் மிச்சம்.

பதிவை எந்த வடிவில் வைப்பது என்பதில் கஞ்சத்தனம் கூடாது. 720 × 576 புள்ளிகளை எந்தச் சுருக்கமும் இல்லாமல் வைத்தால் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 75 ஜிபி. ஹஃப்ஒய்யுவி, எஃப்எஃப்வி1 போன்ற, தரம் இழக்காமல் சுருக்கும் கோடெக்குகளில் ஒரு புள்ளியும் கெடாமல் பாதிக்கும் கீழே வந்துவிடும். எம்பி4 எல்லாம் கடைசியில், கொடுக்கும்போது. நேராக எம்பி4-ல் பிடித்துவிட்டு அப்புறம் சரிசெய்யப் பார்ப்பவர்கள், நாடாவின் இரைச்சலோடு சுருக்கத்தின் கட்டங்களையும் சேர்த்துத் துடைக்க வேண்டியிருக்கும்.

இனி சத்தம். விஎச்எஸ்ஸில் சத்தம் இரண்டு விதமாக இருக்கலாம். எல்லா கேசட்டிலும் இருப்பது நாடாவின் ஓரத்தில் நீளவாக்கில் ஓடும் ஒற்றைத் தடம். படத்தை எழுத ஹெட் சுற்றுகிறது, ஓரத்துச் சத்தத்துக்கு அந்த வசதி இல்லை. நாடா நகரும் வேகம்தான் அதற்கு வேகம், நொடிக்கு 2.34 சென்டிமீட்டர். பாட்டுக் கேசட்டே 4.76 சென்டிமீட்டர் ஓடுகிறது. அதில் பாதி. நாதஸ்வரத்தின் மேல்ஸ்தாயி மழுங்கிக் கேட்பதில் வியப்பில்லை. இரண்டாவது வகை ஹைஃபை. அது படத்தோடு சேர்ந்து அதே சாய்வான தடங்களில், படத்துக்கு அடியில் எழுதப்படுகிறது. தரம் எங்கேயோ உயர்ந்துவிடும்.

இதில் ஒரு நல்ல விஷயம் ஒளிந்திருக்கிறது. 80-களிலும் 90-களிலும் கல்யாண வீடியோ என்றாலே மிக்ஸிங் உண்டு. இதயம் வடிவத்தில் மணமக்கள் முகம், சுழன்று வரும் ரோஜா, பின்னணியில் சினிமாப் பாட்டு. பாட்டு வந்த இடத்தில் மண்டபத்துச் சத்தம் எல்லாம் போய்விட்டது. அன்றைக்கு அது அழகு, கேட்டு வாங்கிய அழகு, நான் குறை சொல்லவில்லை. (சரி, கொஞ்சம் சொல்கிறேன். ஊஞ்சல் பாட்டை எடுத்துவிட்டு அங்கே டூயட் போட்டவர்களை எப்படி மன்னிப்பது?) மிக்ஸர் வழியாக வேறு கேசட்டுக்கு ஏற்றியிருந்தால் மண்டபத்துச் சத்தம் திரும்பாது. ஆனால் சிலர் செலவைக் குறைக்க, எடுத்த கேசட்டிலேயே டெக்கின் ஆடியோ டப் வசதியைக் கொண்டு பாட்டை ஏற்றினார்கள். ஆடியோ டப் ஓரத்துத் தடத்தை மட்டும்தான் அழித்து எழுதும். படத்தைத் தொடாமல் ஹைஃபையைத் தொட முடியாது. ஆகவே கேமரா ஹைஃபையில் பதிந்திருந்தால், பாட்டுக்கு அடியில் அந்த நாளின் சத்தம் முழுசாக உயிரோடு இருக்கும். சாதாரண மோனோ டெக்கில் போட்டால் பாட்டுதான் கேட்கும். ஹைஃபை டெக்கில் போட்டு, ரிமோட்டில் சத்தத் தேர்வை நார்மலிலிருந்து ஹைஃபைக்கு மாற்றிப் பாருங்கள். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. இருந்தால் ஐயர் மந்திரமும், அடுத்து எழும் கெட்டிமேளமும், பின்னால் இருவர் மொய்க் கணக்குப் பேசுவதும் கேட்கும். கேசட் கொடுத்தவரிடம் எடிட் ஆகாத கேசட் ஏதாவது இருக்கிறதா என்று கேட்பதும் நல்லது. ஸ்டுடியோக்கள் பெரும்பாலும் அதை அடுத்த முகூர்த்தத்துக்கு எடுத்துக்கொண்டுவிடும், ஆனாலும் கேட்பதில் நஷ்டமில்லை.

சத்தத்தைப் பிடிக்கும்போது அளவு உச்சியைத் தொடக் கூடாது. டிஜிட்டலில் பூஜ்ஜிய டெசிபலைத் தாண்டினால் வெட்டுப்பட்டதுதான், மீட்க வழியில்லை. தவில் தனியாக ஓங்கி அடிக்கும் இடத்தைத் தேடி ஓட்டி, அங்கே அளவை வைத்துக்கொள்வேன். லேப்டாப் சார்ஜர் செருகியிருக்கும்போது "ம்ம்ம்" என்று ஒரு முணுமுணுப்பு வந்தால், சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். பலமுறை அதோடு நின்றுவிடும். நின்றுபோகாவிட்டால் அது நம் வீட்டு 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் நாடாவிலேயே அன்றைக்கே பதிந்தது. ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் 50, 100, 150 ஹெர்ட்ஸ் என்று குறுகலாக வடிகட்டலாம். அகலமாக வடிகட்டினால் தவிலின் இடது பக்கமும் சேர்ந்து போய்விடும்.

இரைச்சல் நீக்கத்தில்தான் ஆசை கண்ணை மறைக்கும். யாரும் பேசாத இரண்டு நொடியைத் தேர்ந்தெடுத்து, அதை மாதிரியாகக் கொடுத்து, மென்பொருளை முழுப் பதிவிலும் ஓடவிட்டால் இரைச்சல் மாயமாக மறையும். கூடவே குரலின் "ஸ", "ச" எல்லாம் தேய்ந்து, தண்ணீருக்குள்ளிருந்து பேசுவது மாதிரி ஆகிவிடும். ஆறு டெசிபல் குறைத்தாலே போதும் என்பது என் கட்சி. இரைச்சல் கொஞ்சம் இருக்கட்டும், அது அந்தக் காலத்துக் காற்று. அதைவிட உருப்படியான வேலை, சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் கையால் சரிசெய்வது. கேமராவின் மைக் தானாகவே அளவைக் கூட்டிக் குறைக்கும். கெட்டிமேளம் முழங்கியதும் மிரண்டு சத்தத்தை இறக்கிவிடும். மேளம் நின்ற பிறகு மெல்லத்தான் ஏறும். அந்தச் சில நொடிகளில்தான் பெரியவர்கள் ஏதாவது சொல்லியிருப்பார்கள். அலைவடிவத்தில் அந்த இடத்தைப் பெரிதாக்கி, வால்யூம் கோட்டைப் பிடித்து மேலே தூக்கினால் குரல்கள் வெளியே வருகின்றன.

விசிடி பற்றி ஒரு வயிற்றெரிச்சல். 2000-க்குப் பிறகு பல வீடுகளில் கேசட்டை விசிடிக்கு மாற்றிவிட்டு, இடத்தை அடைக்கிறது என்று கேசட்டைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். விசிடியில் படம் 352 × 288 தான், நான்கில் ஒரு பங்கு. அதுவும் நொடிக்கு 1150 கிலோபிட்டில் நெருக்கிச் சுருக்கியது. கூட்டம் அசைந்தால் முகம் கட்டம் கட்டமாகும். சிடியோ, மேல் பூச்சு உரிந்து படிக்க மறுக்கிறது. இப்படி ஒன்று கையில் இருந்தால், எம்பெக்ஏவி என்ற ஃபோல்டருக்குள் இருக்கும் டாட் (.dat) கோப்பை இன்றைக்கே நகல் எடுத்துவிடுங்கள். பெயரின் வாலை எம்பிஜி என்று மாற்றினால் பெரும்பாலும் ஓடும்.

மினிடிவி (MiniDV) கேமரா கேசட்டுகள் வேறு கதை. அது பிறவியிலேயே டிஜிட்டல், மணிக்கு 13 ஜிபி. ஃபயர்வயர் என்ற கேபிள் இணைப்பு வழியாக எடுத்தால் இருப்பது அப்படியே நகலாகும், தரம் குறையாது. கேமரா ஓடுவதும், ஃபயர்வயர் உள்ள பழைய கம்ப்யூட்டர் கிடைப்பதும்தான் பாடு. கனடாவிலிருந்து ஈழத் தமிழ் உறவினர்கள் அந்நாளில் அனுப்பிய விஎச்எஸ் கேசட்டுகள், அங்கே இருந்த டிவி முறையான என்டிஎஸ்சி முறையில் இருக்கும். நம் ஊர் பால் டெக்கில் போட்டுப் படம் வரவில்லை என்றால் கேசட் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. பல முறைகளையும் ஓட்டும் டெக் வேண்டும், அவ்வளவுதான்.

எடிட்டிங்கில் படத்துக்குச் செய்வது எனக்குக் கொஞ்சம்தான். அடியில் கிழிந்த மாதிரி துடிக்கும் சில கோடுகள் பிழையல்ல, ஹெட் மாறும் இடம். பழைய டிவி ஓரத்தை மறைத்துக் காட்டியதால் நாம் அன்றைக்குப் பார்த்ததில்லை. கறுப்புப் பட்டையால் மூடிவிடுவேன். 50 அரைப் படங்களை 50 முழுப் படங்களாக விரிக்க வேண்டும். 25-ஆகக் குறைத்தால் ஓடும் குழந்தையின் ஓரங்களில் சீப்புப் பல் தெரியும், அல்லது அசைவு தடுமாறும். படத்தை 4:3 விகிதத்திலேயே விட வேண்டும். டிவி நிறைய வேண்டும் என்று பக்கவாட்டில் இழுத்து எல்லாரையும் குண்டாக்கி வைத்திருக்கும் வீடியோக்கள் எத்தனை! ஏஐ மென்பொருளில் பெரிதாக்கிப் பார்த்தேன். கன்னம் மெழுகு மாதிரி வருகிறது, மூக்குத்தியின் மினுக்கு இரைச்சல் என்று நினைத்து அழிந்துபோகிறது. அந்த முகம் அழகாகத்தான் இருந்தது, ஆனால் வீட்டில் யாருக்கும் அது சித்தியாகத் தெரியவில்லை. பாட்டு உள்ள பகுதியோடு யூட்யூபில் ஏற்றினால் உரிமைக் கோரிக்கை வரும் என்பதையும் முன்பே சொல்லிவிடுகிறேன்.

உண்மையான எடிட்டிங் சிக்கல் வேறு மாதிரி வருகிறது. அத்தை தன் கல்யாணக் கேசட்டைக் கொடுத்தபோது, "அந்த மனுஷன் வர்ற இடத்தையெல்லாம் வெட்டிடுடா" என்றார். மாமாவும் அத்தையும் பிரிந்து வெகுகாலம் ஆகிறது. "உங்க கல்யாணத்துல அவரை வெட்டினா என்ன அத்தை மிஞ்சும்?" என்று கேட்டேன். "எங்கப்பா இருக்கார்ல, அது போதும்" என்றார். தாத்தா இருந்தார்தான். ஆனால் அவர் நன்றாகப் பேசுகிற ஒரே இடத்தில் படத்தில் நிற்பது மாமா. தாத்தா கேமராவுக்குப் பின்னால், வெளியே எங்கேயோ நின்று, "சம்பந்தி வீட்டுக்காரங்களை முதல் பந்திக்கு அனுப்புங்கப்பா, இலை போட்டாச்சு" என்று கூப்பிடுகிறார். படத்தை வெட்டினால் குரலும் போகும். சத்தத் தடத்தை அப்படியே விட்டுவிட்டு, படத்தை மட்டும் எடுத்து, கேசட்டின் தொடக்கத்தில் வீணாகக் கிடந்த வாழைமரத் தோரணத்தையும் வாசலில் சந்தனம் கொடுப்பவர்களையும் அந்த இடத்தில் வைத்தேன். படம் மாறும் இடம் சத்தம் மாறும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் விழுந்தால் ஒட்டு தெரியாது. வெட்டாத முழுப் பதிவு தனியாக ஹார்ட் டிஸ்கில் இருக்கிறது. அத்தைக்கு ஒரு மகன் உண்டு, அவன் ஒருநாள் கேட்டால் கொடுக்க வேண்டும். அத்தையிடம் இதையும் சொல்லிவிட்டேன். "அது உங்க பாடு" என்றார்.

எடிட் செய்ததைப் பார்த்து முடித்ததும் அவர் கேட்டது, சிங்கப்பூரிலிருக்கும் தம்பிக்கு இதை வாட்ஸ்அப்பில் அனுப்ப முடியுமா என்பது. அதில் வீடியோவாகப் போட்டால் நசுக்கிவிடும், டிரைவில் ஏற்றி லிங்க் தருகிறேன் என்றேன். லிங்க்கைத் திறக்கத் தெரியாது அவனுக்கு, பென்டிரைவில் போட்டுக் கொடு, அடுத்த மாசம் ஒருத்தர் போறார், அவர்கிட்ட கொடுத்துவிடலாம் என்றார். சரி என்று போட்டுக் கொடுத்தேன். தாத்தா கூப்பிடும் இடத்தை மட்டும் தனியாக ஒரு ஆடியோ கோப்பாகவும் சேர்த்து.